அப்பாவின் கறுப்பு மேசை

'மேசை' தமிழ்ச் சொல்லா என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கேட்பேன். ஆம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, அலமாரியும் சாவியும் அவ்வாறே என்றால் நம்ப மாட்டார்கள். எல்லாம் தெரிந்தவள்போல் அப்படிக் கேட்டு வந்த எனக்கு, என் வீட்டு மேசையே சென்ற தீபாவளியன்று ஒரு பாடம் நடத்திவிட்டது.

அதை அப்பா எழுபதுகளில் சுங்கை ரோட்டுச் சந்தையில் எட்டு வெள்ளிக்கு வாங்கினார். 2017 ஜூலையில் மூடப்பட்ட அதே பழம்பொருள் சந்தைதான். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனவர், வெறும் பையோடும் தோளில் இந்தச் சுமையோடும் திரும்பினார். முழங்கால் உயரம், எண்கோணப் பலகை. கால்கள் மெலிந்த குச்சிகள் அல்ல. படிப்படியாக அகன்று தரையில் அமரும் கனத்த பலகைகள். விளிம்பெங்கும் கறுப்புப் பட்டைகள். "தேருக்குப் போடும் முட்டுக்கட்டையா?" என்று அம்மா கேட்டாராம். அப்பாவின் வானொலியும் தமிழ் முரசும் இறுதிவரை அதன்மேல்தான் இருந்தன.

அவர் மறைந்தபின் சிறிய வீட்டுக்கு மாறினோம். புதுச் சுவருக்கு அந்தக் கறுப்பு பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. பட்டைகளைப் பெயர்த்துவிட்டு வெள்ளை பூசித் தரும்படி ஒரு தச்சரிடம் கொடுத்தேன். மறுநாள் அவரே அழைத்தார். "டீச்சர், இது சாயம் இல்லை, தனி மரம். ஒரு காலில் எடுத்துவிட்டேன். மற்றதையும் எடுக்கத்தான் வேண்டுமா?" எனக்கு என்னவோ போலிருந்தது. அப்படியே திருப்பித் தரச் சொன்னேன். பெயர்த்த துண்டுகளைச் செய்தித்தாளில் மடித்து உடன் வைத்திருந்தார். மொட்டையான காலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

நெதர்லாந்தில் கட்டடக்கலை பயின்ற என் முன்னாள் மாணவி ஒருத்தி தீபாவளிக்கு வந்தாள். பலகாரத் தட்டை மேசைமேல் வைத்தவள், மேசையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது ஆம்ஸ்டர்டாம் பாணி, டீச்சர்."

1910க்கும் 1930க்கும் இடையே அந்நகரில் தழைத்த பாணி அது. மூத்த கட்டடக் கலைஞர் பெர்லாகே போற்றிய எளிமையும் ஒழுங்கும் இளையவர்களுக்குப் போதவில்லை. கட்டடம் உணர்ச்சியைக் காட்ட வேண்டும் என்றார்கள். செங்கல்லைக் களிமண்போல் வளைத்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் மிக்கேல் டி கிளெர்க். 1901ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்புகளில், அவர் வடிவமைத்த ஒன்றுக்குக் 'கப்பல்' என்றே பெயர். அதன் கோபுரத்தால் எந்தப் பயனும் இல்லை, அழகுக்கு மட்டுமே. ஏழைகளின் வீட்டுக்கு எதற்குக் கோபுரம் என்று கேட்காத அந்த மனிதரை, அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. 1923இல், தம் 39ஆம் பிறந்தநாளன்றே அவர் இறந்தார்.

மரத்தையும் அவர்கள் சிற்பம்போலவே கையாண்டார்கள். கால் என்றால் அது தாங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவேதான் அந்தப் படிகளும் கனமும். ஓக் மர உடலின் விளிம்பிலும் குமிழிலும் கறுப்பு மரம் பதிப்பார்கள். டி கிளெர்க்கின் அறைகலன்களை அந்தத் தொழிலாளர்கள் வாங்கியிருக்க முடியாது. பின்னர்த் தொழிற்கூடங்கள் எளிமைப்படுத்திச் செய்தவையே சாதாரண வீடுகளை எட்டின. எங்களுடையதும் அவ்வகையே என்றாள்.

"அந்தக் கறுப்பு மரத்துக்கு டச்சுக்காரர்கள் என்ன பெயர் சொல்வார்கள் தெரியுமா? கோரமண்டல்."

சோழமண்டலம்! ஆசிரியை நான், வாயடைத்து நின்றேன். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியவர்கள், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்டவர்கள், அக்கரையின் பெயரைத் தங்கள் தச்சுக்கூடம்வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த நாகப்பட்டினத்தில்தான் அப்பா 'ரஜூலா' கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் அவளே குறுக்கிட்டாள். பெயர்தான் சோழமண்டலமாம், இந்த மேசைகளில் பதித்த மரம் பெரும்பாலும் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வளர்ந்த மக்காசர் கருங்காலியாம். சொல் ஒரு கரையிலிருந்தும் பொருள் வேறொரு கரையிலிருந்தும் வருவது எனக்குப் புதிதல்ல. ஆயினும் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பேசிக்கொண்டே அவள் மேசையைத் திருப்பினாள். மொட்டைக் கால் வெளியே வந்தது. "இதற்கு என்ன ஆயிற்று, டீச்சர்?"

சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். ஐந்து துண்டுகள், குறைவில்லை. மறுநாளே தச்சரிடம் கொண்டுபோனோம். ஒட்டிவிடலாம், ஆனால் விரிசல் தெரியும் என்றார். தெரியட்டும் என்றேன்.