பைக்காவல் பாட்டாவும் பன்னிரண்டு மணி வெயிலும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் தனுவச்சபுரத்தில் பொழுது வியர்வையோடுதான் விடிகிறது. பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே, பாசஞ்சர் ரயில் நின்று மூச்சு வாங்கிப் போகும் சின்ன ஊர். தமிழக எல்லையான களியக்காவிளைக்கு பஸ் ஏறினால் அரை மணிகூட ஆகாது. கடைப் பலகைகள் மலையாளத்தில் இருந்தாலும் திண்ணைப் பேச்சில் இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டவர்களால் மொழியையே முழுசாகப் பிரிக்க முடியவில்லை. வெயிலை எங்கே பிரிப்பது?

கேரளத்தில் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதமும் விடுமுறை. வளைகுடாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் பேரக்குழந்தைகளோடு வந்து இறங்குகிறார்கள். வந்த மூன்றாம் நாளே வேன் பேசியாகிவிடுகிறது. வடக்கே என்றால் வெம்பாயம் பக்கத்து ஹேப்பிலேண்ட், தெற்கே என்றால் கன்னியாகுமரி பே வாட்ச். அதிகாலையில் கிளம்பத் துணிந்த குடும்பங்களுக்குக் கொச்சி வொண்டர்லாவும் தூரமில்லை. வீட்டில் பெரியவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வருவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கத்து அப்பூப்பனும் அம்மூம்மையும் சரி, அந்தப் பக்கத்துப் பாட்டாவும் பாட்டியும் சரி, ஜன்னலோர இருக்கையில் ஏற்றப்பட்டுவிடுகிறார்கள்.

பூங்காவுக்குள் போனதும் அவர்களுக்கு ஓர் உத்தியோகம் காத்திருக்கிறது: பைக்காவல். பல நீர்ப் பூங்காக்களில் சறுக்கு மேடையிலும் அலைக்குளத்திலும் நைலான் உடையோடுதான் இறங்கலாம். சேலைக்கும் வேட்டிக்கும் அனுமதி இல்லை. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் பலகை தொங்குகிறது. ஆகவே செருப்பு, துண்டு, செல்போன், மூக்குக் கண்ணாடி எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மடிக்கு வந்து சேர்கின்றன. அந்த வளாகத்தில் வெயிலிலும் இருந்துகொண்டு, நனையாமலும் இருப்பவர் அவர் ஒருவர்தான். பதினொரு மணிக்கு நாற்காலி மேல் இருந்த நிழல் பன்னிரண்டரைக்கு நாலு அடி தள்ளிப் போயிருக்கும். பைகளை விட்டுவிட்டு எழுந்து போக அவருக்கு மனம் வராது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் குடும்பத்தார் யாரும் இருக்கவும் மாட்டார்கள்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கை உண்டு. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இந்த வகைப் பூங்காக்கள் பரவலாக வந்ததே தொண்ணூறுகளில்தான். ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தை 1984இல் எடுத்த நவோதயா அப்பச்சன், தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவைத் திறந்தது 1995இல். கொச்சியில் வீகாலேண்ட் வந்தது 2000இல். அன்று மகனைத் தோளில் சுமந்துகொண்டு ராட்டின வரிசையில் நின்ற நாற்பது வயது அப்பாவுக்கு இன்று எழுபது. பூங்கா அவருக்குப் புதிதல்ல. உடம்புதான் மாறிவிட்டது.

எப்படி மாறியது என்பதைத்தான் வேன் பேசும் பிள்ளைகள் யோசிப்பதில்லை. வெயிலில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இரண்டே வழிகள். தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியே தள்ளுவது ஒன்று. வியர்ப்பது மற்றொன்று. முதுமையில் இரண்டுமே மந்தமாகின்றன. தோலுக்கு இரத்தம் பாய்வது குறைகிறது, வியர்வைச் சுரப்பிகள் தாமதமாகவும் குறைவாகவும் வேலை செய்கின்றன. இவற்றையெல்லாம்விட ஆபத்தானது தாகம் மங்கிப்போவது. இளைஞனின் உடம்பு தண்ணீர் கேட்டு நச்சரிக்கும். எழுபது வயது உடம்பு வற்றிக்கொண்டே இருந்தாலும் வாயைத் திறக்காது. ‘எனக்கு வேண்டாம், தாகமில்லை’ என்று பெரியவர் சொல்வது பெருந்தன்மையால் அல்ல. அவருக்கு நிஜமாகவே தெரிவதில்லை. கழிப்பறை தூரத்தில் இருக்கிறதே என்று அம்மூம்மை வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பது தனிக்கதை. பெண்கள் பலரும் இதை வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

தென் கேரளக் கடலோர வெயிலுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. வெப்பமானி முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு டிகிரி என்று சாதுவாகத்தான் காட்டும். வேலூர்க்காரர் சிரித்துவிடுவார். ஆனால் உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை உலர்வது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் வியர்வை வழிந்து சட்டையை நனைக்குமே தவிர ஆவியாகாது. வேலூரின் நாற்பதைவிட நெய்யாற்றின்கரையின் முப்பத்து நான்கு சில சமயம் அதிகமாக வாட்டுவது இதனால்தான். கடலோரப் பகுதிகளில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட நாலரை டிகிரி கூடினாலே வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கில் கொள்கிறது. சமவெளிக்கு அந்த வரம்பு 40.

கேரளத்துக்கு இது சின்ன விஷயமல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநில மக்களில் 12.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நாட்டிலேயே அதிகம். தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். இரண்டு மாநிலத்திலும் சர்க்கரை நோய்க்குப் பஞ்சமில்லை. நீரிழிவு முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். நீர்ப் பூங்காவின் சிமென்ட் தரையில் பேரன் ‘சுடுது, சுடுது’ என்று குதித்துக்கொண்டு ஓடுவான். பின்னால் வரும் பாட்டா நிதானமாக நடப்பார். வைராக்கியம் என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். இரவில் செருப்பைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியவரும். சர்க்கரைக்காரரின் காலில் அந்தக் கொப்புளம் ஆற மாதக்கணக்காகும். ஆறாமலும் போகலாம்.

பாதம் என்றதும் செங்கல் நினைவுக்கு வருகிறது. தனுவச்சபுரத்துக்குப் பக்கத்து ஊர். அங்குள்ள மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில் 111.2 அடி உயரச் சிவலிங்க வடிவக் கட்டடம் 2012இல் தொடங்கி 2019 நவம்பரில் பக்தர்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளே எட்டு நிலைகள். குகை போன்ற பாதையில் மூலாதாரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு சக்கரமாகக் கடந்து, உச்சியில் கைலாசத்தில் சிவனும் பார்வதியும். தரைத் தளத்தில் பக்தர்கள் தாங்களே அபிஷேகம் செய்யும் வகையில் 108 லிங்கங்கள். பக்தி, சிற்பம், வியப்பு மூன்றையும் ஒரே சீட்டில் தரும் இடம் என்பதால் கோடை விடுமுறையில் எல்லைக்கு இருபுறத்திலிருந்தும் வேன்கள் வருகின்றன. பெரியவர்களைப் பொறுத்தவரை பூங்காவைவிட இது ஒரு படி மேல். இங்கே அவர்கள் பைக்காவல்காரர்கள் அல்ல, பிரதானப் பயணிகள். உள்ளே நடக்கும்போது தலைக்கு மேல் வெயிலும் இல்லை. ஆனால் ஏற்றம் ஏற்றம்தான், வெறுங்கால் வெறுங்கால்தான். திறந்த வெளியைக் கடப்பதைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிறவர்கள் புத்திசாலிகள். கோயிலுக்குச் செருப்பு வேண்டாம், பருத்திக் காலுறை போதும் என்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்வதுண்டு. சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று தயங்குபவர்களும் உண்டு.

பையில் இருக்கும் மாத்திரைகளையும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும் நீர்பிரிப்பு மாத்திரை உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுவது. கொதிக்கும் நாளில் அதுவும் வியர்வையும் சேர்ந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரைகள், வெயிலுக்கு ஈடுகொடுத்து வேகமெடுக்க வேண்டிய இதயத்தையும் அடக்கி வைக்கும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெரிய தவறு. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் ஊரார் பேச்சைக் கேட்டு லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. கிளம்புவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஐந்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி: நிறுத்தத்தில் வெயில் காயும் வேனுக்குள் விட்டுவிட்டுப் போன இன்சுலின் மாலைக்குள் வீரியம் இழந்திருக்கும். மருந்து போட்டும் சர்க்கரை ஏறுகிறதே என்று வீட்டில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இந்த மண்ணின் பழைய ஆட்கள் வெயிலை வேறு விதமாகச் சமாளித்தார்கள். காலையில் உப்பும் சின்ன உள்ளியும் சேர்த்துப் பழங்கஞ்சி. நடுப்பகலில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்ட சம்பாரம். நொங்கு, இளநீர், பனை விளைகளில் இறக்கிய அக்கானி, சாலையோரப் பெட்டிக்கடையில் நன்னாரி சர்பத். உப்பும் நீரும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும் என்ற கணக்கு சம்பாரத்திலேயே அடங்கியிருக்கிறது. பல பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. அம்மூம்மை விடியற்காலையில் எழுந்து தயாரித்த சம்பாரக் குப்பி வாசலிலேயே தடுக்கப்படுகிறது. உள்ளே சர்க்கரைத் தண்ணீரான குளிர்பானம் தாராளமாகக் கிடைக்கும். உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றிரண்டை மருந்துகளோடு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை.

உடையும் அப்படித்தான். தனுவச்சபுரத்திலிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் பலராமபுரம். திருவிதாங்கூர் அரசர் பலராம வர்மா காலத்தில் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் நெய்யும் பருத்தி முண்டும் நேரியதும் அந்த ஊரின் பெருமை. இந்தச் சீதோஷ்ணத்துக்காகவே பிறந்த துணி. காற்றை உள்ளே விட்டு, வியர்வையை உறிஞ்சி, சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆனால் உல்லாசப் பயணம் என்றதும் பெட்டியிலிருந்து வெளியே வருவது மருமகள் துபாயிலிருந்து வாங்கிவந்த பாலியஸ்டர் சேலை. பாசத்துக்கு என்ன விலை கொடுப்பது!

அரசாங்கத்துக்கும் நண்பகலின் மீது பயம் உண்டு. கேரளத் தொழிலாளர் துறை கோடை மாதங்களில் வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தரச் சொல்லி ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயில் நேரே படும்படி நிற்காதீர்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. 2023 மார்ச்சில் ஊர்தோறும் தண்ணீர்ப் பந்தல் திறக்க மாநில அரசு முடிவு செய்தது. கூலி வேலை செய்பவர் உட்கார வேண்டிய அதே மூன்று மணி நேரத்தில் எழுபது வயதுக்காரரைக் காசு கொடுத்து வெயிலில் உட்கார வைப்பதுதான் உல்லாசப் பயணத்தின் விசித்திரம்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு இந்த வட்டாரத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. தமிழக மண்ணில் நின்றாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. சரிந்த ஓட்டுக் கூரை, மரச் சட்டங்களின் இடுக்கு வழியே நுழையும் காற்று, பாதத்துக்குக் குளிர்ச்சியான வழவழப்பான கருந்தரை. குளிர்சாதனம் எதுவும் இல்லாமல் வெயிலை வெளியே நிறுத்தும் வித்தையைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். படிகள் செங்குத்தானவை, முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். திங்கட்கிழமை விடுமுறை. நண்பகலில் அரண்மனையும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்கிறது. காலையில் போய்விடுவது உத்தமம். வடக்கே நெய்யாற்றின் கரையில், 1888இல் நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் இருக்கிறது. மேற்கே நெய்யாறு கடலைத் தொடும் பூவாறில் காலைப் படகு, இருபுறமும் மர நிழல்.

பூங்காவுக்கே போயாக வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால் அதற்கும் வழி இல்லாமல் இல்லை. திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய், பெரியவரையும் ஆழமில்லாத குளத்தில் பருத்தி உடை அனுமதிக்கும் இடமாகப் பார்த்து முதலில் காலையாவது நனைக்க வைக்கிறார்கள், அனுபவப்பட்ட குடும்பங்கள். நாற்காலியை மரத்தடியில் போட்டு, அரை மணிக்கு ஒருவர் முறை வைத்து வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். பைகளைக் காசு கொடுத்து லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். வருகிறவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு வருகிறார். வேண்டுமா என்று கேட்பதில்லை, கையில் கொடுத்துவிடுகிறார். ஈரத் துண்டு கழுத்தில். பெரியவர் பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது. நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. 108 எண் எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான்.

மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுக்க ஆரம்பிக்கும். கோடை மழை இடியோடுதான் வரும். வானம் முழங்கியதும் நீரில் இருப்பவர்கள் கரையேறியாக வேண்டும் என்பதால் குழந்தைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகின்றன. பைகள் கைமாறுகின்றன. வேன் அமரவிளைப் பாலத்தில் நெய்யாற்றைக் கடக்கும்போது முதல் துளிகள் விழுகின்றன. ஜன்னலை மூடச் சொல்லி மகன் கத்துகிறான். ஜன்னலோரத்தில் இருக்கும் பாட்டா காது கேளாதவர் போலக் கையை வெளியே நீட்டி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் நனைவது இதுதான் முதல் தடவை.