அடிக்கோடு இல்லாத எழுத்து

புத்தகத்தில் அச்சுப்பிழை கண்டால் முகம் சுளிப்பவன் நான். அஞ்சல்தலையில் அதையே கண்டால் மகிழ்ந்துபோகிறேன். இந்த முரணுக்குள் என்னை இழுத்துவிட்டது ஜெர்மானியப் பேரரசின் 3 பென்னிக் அஞ்சல்தலை. முடிசூடிய ஜெர்மானியா என்னும் பெண்ணுருவும் 'டாய்ச்சஸ் ரைக்' என்ற நாட்டுப் பெயரும் கொண்டு 1902இல் வெளிவந்தது. அதன் சில பிரதிகளில், ரோமன் எழுத்தில் அமைந்த அப்பெயரின் இரண்டாம் எழுத்தான 'ஈ', தன் அடிக்கோட்டை இழந்து 'எஃப்' ஆகிவிட்டது. சேகரிப்பாளர்கள் நம்பும் மிகெல் பட்டியலில் இப்பிழைக்குத் தனி இடமே உண்டு.

இது எப்படி நேர்ந்தது என்பதை அச்சுமுறையே சொல்லிவிடும். பென்னிக் தலைகளில், தகட்டின் மேடான பகுதியே மையேற்றுத் தாளில் பதிந்தது. மேடு சிதைந்தால் அவ்விடம் வெறுமையாகும். அதே தொடரின் மார்க் மதிப்புத் தலைகளோ செதுக்கிய தகட்டில் அச்சானவை. அங்கே பள்ளத்தில்தான் மை தங்கும். தகட்டில் கீறல் விழுந்தால் அதுவும் ஒரு பள்ளமே. ஆகவே இல்லாத கோடொன்று தோன்றும். முன்னதில் குறையைத் தேட வேண்டும், பின்னதில் மிகையை.

ஆயினும் எல்லாக் குறையும் தகட்டுப்பிழை ஆகாது. தூசு ஒட்டினாலும் மை போதாவிட்டாலும் கோடு மறையும். சில தாள்களுக்குப் பின் தானே சரியாகிவிடும். தகட்டுப்பிழை அவ்வாறன்று. தகட்டைத் திருத்தும்வரை தாள்தோறும் அதே இடத்தில், அதே வடிவில் அது திரும்ப வரும். அதனால்தான் ஒற்றைப் பிரதி சான்றாவதில்லை. அதை ஒத்த இன்னொன்று வேண்டும்.

இவ்விரண்டிலும் சேராத பிழையும் உண்டு. ராபர்ட் ஷூமன் மறைந்த நூறாம் ஆண்டை ஒட்டி 1956இல் கிழக்கு ஜெர்மனி வெளியிட்ட அஞ்சல்தலைகளில், அவர் உருவத்தின் பின்னணியில் இருந்த இசைக்குறிப்பு ஷூபர்ட்டினுடையது. அவ்வாண்டிலேயே திருத்திய தலைகள் வந்தன. அங்கே அச்சு பிசகவில்லை, பிசகியது வடிவமைப்பு.

என்னிடமுள்ள ஒரு 3 பென்னிக் தலையிலும் 'ஈ'க்கு அடிக்கோடு இல்லாததுபோல் தெரிகிறது. கூர்முனையால் சுரண்டிக் கோட்டை நீக்கும் மோசடியும் உண்டென்பதால், முதலில் சாய்ந்த ஒளியில் பார்த்தேன். காகித இழை எதுவும் கிளறப்படவில்லை. பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். அடிக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் மையின் மெல்லிய சாயல் இருந்தது. அடுத்துள்ள எழுத்துகளும் வெளிறியிருந்தன. அந்தச் சாயலை நான் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று மனம் ஏங்கியது உண்மை. கண்ணுக்கு வேண்டியதை மட்டும் காணக் கற்றுக்கொடுப்பது ஆசைதான்.

நல்ல விலைக்குக் கேட்ட நண்பரிடம், "இது தகட்டுப்பிழை அன்று, மை போதாமல் மங்கிய எழுத்து" என்று சொன்னேன். அவர் ஏமாற்றத்துடன் திருப்பித் தந்தார். இப்போது அது சாதாரணத் தலைகளோடு இருக்கிறது. உண்மையான 'எஃப்' பிரதி ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.