மூக்கை நம்பிய அடுப்பு

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், எங்கள் வீட்டில் அனைவருக்கும் காய்ச்சல் கண்டது. மற்றவர்களுக்குப் பத்து நாட்களில் எல்லாம் சரியாயிற்று. அம்மாவுக்கும் காய்ச்சல் தணிந்தது, இருமல் நின்றது, நடை பழையபடி ஆயிற்று. மூக்கு மட்டும் திரும்பவில்லை. (எங்களில் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு அத்தை. இருவரும் சேர்ந்தே எழுதுவதால் அம்மா என்றே குறிப்பிடுகிறோம்.) காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் மண்ணு மாதிரி இருக்கு" என்றார். மாலையில் வாங்கிவந்த மல்லிகைச் சரத்தை மூக்கருகே வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தலையில் சூடிக்கொண்டார். மதுரையில் பிறந்து வளர்ந்தவருக்கு மல்லிகை மணக்காமற் போவது என்னவாக இருக்கும் என்பதை எங்களால் முழுதும் உணர முடிந்ததாகச் சொல்ல இயலாது.

மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில வினாடிகள் முகர வேண்டும். முகரும்போது அதன் பழைய மணத்தை நினைவில் கொண்டுவர முயல வேண்டும். அம்மா நான்கு சிறு சீசாக்களைச் சன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டு, மந்திரம் சொல்லுபவரைப்போல் தவறாமல் செய்து வந்தார். பூவுக்காகவும் காப்பிக்காகவும் நாங்கள் அவருடன் சேர்ந்து வருந்தினோம். ரசத்தில் பெருங்காயம் கூடிப்போனபோது வாய்திறவாமல் சாப்பிட்டோம். ஆனால் ஒன்றரை ஆண்டுக்காலம் எங்களில் ஒருவருக்கும் அடுப்பைப் பற்றிய நினைவே வரவில்லை. இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது 1986-இல். பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. அதற்கு முன் விறகும், பிறகு பம்ப் ஸ்டவ்வும். உருளை வந்த நாளிலிருந்து அதன்மீது அவருக்கு ஒரு மரியாதை உண்டு. பயம் என்றும் சொல்லலாம். இரவு படுக்குமுன் ரெகுலேட்டரை மூடிவிட்டு, "மூடிட்டேன்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். புது உருளை வந்தால் வாயைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிக் குமிழ் எழுகிறதா என்று பார்க்காமல் அதை உள்ளே விடமாட்டார். தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிச் சோதிக்க முற்பட்ட ஒரு பையனை வாசலோடு திருப்பியனுப்பியது எங்கள் தெருவில் பலருக்கும் நினைவிருக்கும். மூக்கோ, சொல்லவே வேண்டாம். ஒருமுறை மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர் நின்று, கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க வீட்டுல கேஸ் கசியுது, பாருங்க" என்றார். அவர்கள் இல்லையென்றார்கள். பார்த்தால், உருளை வாயினுள் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது.

அப்படிப்பட்டவருடைய சமையலறையில்தான் அது நடந்தது.

2022 மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியுமுன் பாலைச் சிறுதீயில் வைத்துவிட்டு, அம்மா தரையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குளிருக்காகச் சன்னலையும் கதவையும் சாத்தியிருந்தார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. சிறுதீ அல்லவா, அணைந்த ஓசைகூடக் கேட்கவில்லை. பால் பொங்குவதை எப்போதும் மணத்தைக் கொண்டே அறிந்துவந்தவர் அவர். அடிப்பிடிக்கும் முன்பே எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. கீரை ஆய்ந்து முடித்ததும் விளக்கேற்ற வேண்டும் என்று தீப்பெட்டியை மடியில் எடுத்து வைத்திருந்தார்.

கூடத்தைக் கடந்தபோதே எங்களுக்கு அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கதவைத் திறந்தோம். அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன, அதுக்குள்ள எழுந்தாச்சா?" என்று சிரித்தார்.

அதன்பின் நடந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்களில் ஒருவரின் கை, வாயுவை வெளியேற்றலாம் என்ற நினைப்பில், புகைபோக்கி விசிறியின் சுவிட்சுக்குப் போயிற்று. மற்றவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி எழும் என்பது இருவரும் படித்த செய்திதான். நெருக்கடியில் கை படிப்பைக் கேட்பதில்லை. அடுப்பின் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, கொல்லைக் கதவையும் சன்னல்களையும் விரியத் திறந்து, அம்மாவைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தோம். தீப்பெட்டியைக் கையிலிருந்து வாங்கியபோதுதான் அவருக்குப் புரிந்தது. திண்ணையில் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார். ஒருமுறைதான் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும், இத்தனை ஆண்டுகள் அன்றாடம் புழங்கிய ஒரு பொருளைப் பற்றி முதன்முறையாகக் கருத்தூன்றிப் படித்தோம். சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இயல்பில் அதற்கு மணமே கிடையாது. நாம் முகர்வது அதனுடன் வேண்டுமென்றே சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம். அழுகிய முட்டைக்கோசின் நெடி. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு வாயு கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மனித மூக்கு கண்டுகொள்ளும்படி நெடியைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதாவது 14.2 கிலோ உருளைக்கும் நமக்கும் இடையே நிற்கும் முதற்காவல் நம் மூக்கு. அந்த ஏற்பாடு எல்லா வீட்டிலும் வேலை செய்யும் ஒரு மூக்கு இருப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த நெடி வந்த கதை துயரமானது. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில், தரைக்கடியில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். வாயுவுக்கு மணமில்லை, யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஓர் இயந்திரத்தை இயக்கியபோது எழுந்த பொறி போதுமானதாயிற்று. அதன் பிறகே அங்கு எரிவாயுவில் நெடி சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் இருந்த நிலையில்தான் எங்கள் அம்மா அன்று காலை அமர்ந்திருந்தார் என்பதைப் படித்த இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அதிலும், இந்த வாயு காற்றைவிடக் கனமானது. எழுந்து மேலே போகாது. தண்ணீரைப்போல் தரையில் படர்ந்து, தாழ்ந்த மூலைகளில் தேங்கும். தரையில் அமர்ந்து கீரை ஆய்பவரைச் சுற்றித்தான் அது முதலில் நிறையும்.

நோய்தான் மூக்கைக் கெடுக்க வேண்டும் என்பதில்லை. முதுமையில் பலருக்கு முகர்வுத்திறன் தானாகவே மங்குகிறது. படிப்படியாகப் போவதால் போனதே தெரிவதில்லை. நல்ல மூக்குள்ளவர்களும் ஒரே நெடியில் நெடுநேரம் இருந்தால் அது பழகிப்போய் உணர்வு மழுங்கிவிடும். வெளியிலிருந்து வருபவர் "ஏதோ நாறுகிறதே" என்றால் வீட்டிலிருப்பவர் மறுத்துப் பேசாமல் எழுந்து பார்ப்பது நல்லது.

முகவர் அனுப்பிய மெக்கானிக் வந்தார். குழாயைப் பார்த்ததும் எங்களைப் பார்த்தார். அதற்கு நாங்கள் ஆசையாகப் பூப்போட்ட துணியுறை ஒன்று தைத்துப் போட்டிருந்தோம். உறையைக் கழற்றியதும் உள்ளே அச்சிட்டிருந்த ஆண்டு தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த ஆரஞ்சுநிறக் குழாய்க்கு ஆயுள் ஐந்தாண்டுகள். எலி கடித்தாலும் தாங்கும்படி உள்ளே கம்பிவலை வைத்தது. ஆனால் காலம் கடிப்பதை எந்தக் கம்பியும் தாங்காது. உறை போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டருக்குமேல் நீளம் கூடாது, நடுவில் இணைப்பும் கூடாது, அடுப்பின் பின்புறச் சூட்டில் படவும் கூடாது. எங்கள் வீட்டில் கடைசியும் தவறியிருந்தது. உருளையின் கழுத்துத் தகட்டில் எழுதியிருக்கும் எழுத்தையும் அவரே படிக்கக் கற்றுக்கொடுத்தார்: ஆங்கில ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள், டி-27 என்றிருந்தால் 2027 டிசம்பருக்குள் அந்த உருளையை மறுபரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் காலம் கடந்த உருளை வந்தால் வாங்காமல் மாற்றிக் கேட்கலாம். கசிவுக்கென்றே 1906 என்ற அவசர எண் இருப்பதையும் அவர்தான் சொன்னார். அதையும் வாசலுக்கு வந்த பிறகே அழைக்க வேண்டும்; வாயு சூழ்ந்த அறைக்குள் நின்று கைபேசியைத் தொடக்கூடாது.

குழாய் மாற்றுவது எளிதாக முடிந்தது. அம்மாவிடம் பேசுவதுதான் எளிதாயில்லை. இனிமேல் நாங்கள் எழுந்த பிறகே அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்று சொன்னோம். மெதுவாகத்தான் சொன்னோம். அவர் கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தார்.

"மூக்குதான போச்சு. கண்ணும் காதுமா போயிருச்சு?"

மின்தூண்டல் அடுப்பு ஒன்று வாங்கலாம் என்றோம். "தீ தெரியாத அடுப்புல எனக்குச் சமைக்க வராது" என்றார். இரண்டு நாட்கள் சமையலறைப் பக்கமே வரவில்லை. கேட்டதற்கெல்லாம் "நீங்களே பாத்துக்கோங்க" என்றொரு விடை. நாங்கள் அவருடைய உயிரைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் எழுந்து நடப்பதற்கான காரணத்தையே எடுத்துவிடப் பார்த்தோம் என்பது மூன்றாம் நாள் உறைத்தது. அந்தக் கிழமைகளில் சன்னலோரச் சீசாக்களையும் அவர் தொடவில்லை.

முடிவில் மூக்கின் வேலையை இரண்டு கருவிகளிடம் ஒப்படைத்தோம். ஒன்று, கசிவை உணர்ந்து ஒலியெழுப்பும் பெட்டி. கடைக்காரர் அதைப் புகையுணர்த்தியைப்போல் மேலே மாட்டச் சொன்னார். நாங்கள் மறுத்து, தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் பொருத்தினோம். கனத்த வாயு கீழேதான் தேடும். (இப்போது தமிழ்நாட்டின் சில நகரங்களில் வீடுகளுக்குக் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. அது காற்றைவிட இலேசானது. அங்கே பெட்டி கூரையருகில் இருக்க வேண்டும்.) மாட்டிய மறுநாளே அது அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா பக்கத்தில் நின்று சானிட்டைசரைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். சாராய ஆவிக்கும் அது கத்தும்போலும். "என் மூக்கைவிட மோசமால்ல இருக்கு இது" என்றார். பல நாட்களுக்குப் பின் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மற்றொன்று, தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்திக்கொள்ளும் அடுப்பு. ஒவ்வொரு பர்னருக்கும் அருகில் ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கும். தீயின் சூட்டில் அதில் பிறக்கும் நுண்ணிய மின்னோட்டம்தான் வாயுவழியைத் திறந்து வைத்திருக்கிறது. தீ அணைந்து முனை ஆறினால் வழி மூடிக்கொள்ளும். நம் ஊரில் விற்கும் அடுப்புகளில் மிகப் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இதில் ஒரு தொல்லை: பற்ற வைத்தபின் முனை சூடேறும்வரை குமிழைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு சொடுக்கில் பற்ற வைத்த விரல்கள் அவை. "பச்சைப் பிள்ளைக்குப் பால் குடுக்குற மாதிரி இதைப் பிடிச்சிக்கிட்டே நிக்கணும்" என்று ஒரு மாதம் முணுமுணுத்தார். வந்த முதல் வாரம் நாங்களே ஒரு பாத்திரம் தண்ணீரை வேண்டுமென்று பொங்கவிட்டு அணைத்துப் பார்த்தோம். சற்று நேரத்தில் உள்ளே 'டிக்' என்றது. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

அடுப்பைப் பேணுவதில் எங்களுக்குக் கற்பிக்க அவரிடம் இன்னமும் நிறைய இருந்தது. தீ நீலமாக நின்று எரிய வேண்டும். மஞ்சள் நாக்கு நீண்டு பாத்திரத்தின் அடி கரிந்தால் காற்று போதவில்லை, துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். பித்தளைப் பர்னரைப் புளிக்கரைசலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் எடுத்துவிட்டு, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே பொருத்துவார். வாயு வரும் நுண்துளையில் மட்டும் ஊசியைவிட மாட்டார்; அது பெருத்துவிட்டால் தீயின் அளவே மாறிவிடும், அதை மெக்கானிக்தான் தொட வேண்டும் என்பார். பொங்கி வழிந்ததை அன்றன்றைக்கே துடைக்காதவர்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தை இங்கே எழுதினால் உறவினர் சிலர் கோபிப்பார்கள்.

பழைய அடுப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தோம். அம்மா வேண்டாமென்றார். "நமக்கு ஆகாதது இன்னொரு வீட்டுக்கு எப்படி ஆகும்?" என்று கேட்டார். பழைய இரும்புக்காரர் வந்த அன்று, எடை போடுமுன் அவரை நிறுத்தச் சொல்லி, இரண்டு பர்னர்களையும் கழற்றி எடுத்துக்கொண்டார். பித்தளைக்கு நல்ல விலை தருவதாக அந்த மனிதர் எவ்வளவோ சொல்லியும் கொடுக்கவில்லை. மறுநாள் புளி போட்டுத் துலக்கிச் சன்னல் விளிம்பில் காயவைத்திருந்தார். சீசாக்களும் அங்கேதான் இருந்தன. கிராம்புச் சீசா திறந்து கிடந்தது.