சாரை சாப்பிடல

போன மாசி மாசம் கத்தரித் தோட்டத்துல மயில் தொல்லை தாங்கல. சுத்தி நைலான் வலை கட்டினேன். மயில் நின்னுச்சு. ஆனா ஒரு நாள் காலையில தண்ணி பாய்ச்சப் போனா, வலையில ஒரு சாரைப்பாம்பு சிக்கிக் கிடக்குது. ஆறடி இருக்கும். திமிறத் திமிற நூல் கழுத்துல இறுகியிருந்துச்சு.

சாரைக்கு விஷம் இல்ல. எங்க நெல்லுக்கு அதுதான் காவல்காரன், எலியைத் தின்னுட்டுத் திரியும். நானும் சின்னவனும் பிளேடால மெதுவா அறுத்து எடுத்தோம். கழுத்தைச் சுத்தி செதில் உரிஞ்சு சிவப்பா ஒரு கோடு. காயம் ஆறட்டும், அப்புறம் விடலாம்னு பிளாஸ்டிக் டிரம்மில ஓட்டை போட்டு வெச்சேன். செஞ்ச தப்பு அதுதான்.

முட்டை வெச்சோம். தொடல. பொறியில விழுந்த எலியைப் போட்டோம். தொடல. "பால் ஊத்துங்க"ன்னா என் வீட்டுக்காரம்மா. வாசல்ல பாம்பு வேணாம்னு நாலு நாளா சண்டை போடுறவ, வெள்ளிக்கிழமை புத்துக்கு மட்டும் பால் ஊத்துவா! ஊத்தினோம். பால் புளிச்சு நாறினதுதான் மிச்சம். தெருப் பிள்ளைங்க எல்லாம் மூடியைத் திறந்து திறந்து பாத்துட்டுப் போச்சுங்க.

அஞ்சாம் நாள் அதோட கண்ணு ரெண்டும் பால் படிஞ்ச மாதிரி வெளுத்துப் போச்சு. குருடாயிடுச்சு, சாகப் போகுதுன்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. சின்னவன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். வாயைப் பிளந்து இரையைத் திணிக்கிறாங்க. "நாமளும் செய்யலாம்பா"ன்னான். எனக்கு மனசு வரல. நேரா ஏரிக்கரை இருளர் குடியிருப்புக்குப் போனேன்.

அங்க இருக்கிற பெரியவர் எங்கப்பா காலத்துலயே எங்க வரப்புல எலி வளை வெட்டினவர். வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்துக்குப் பல வருசம் பாம்பு பிடிச்சுக் கொடுத்தவர். வந்து டிரம்மை எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சார்.

"தம்பி, இது குருடு இல்ல. சட்டை கழட்டப் போகுது. பழைய தோலுக்கு அடியில நீர் கட்டும், அதான் கண்ணு வெளுக்குது. அந்த நேரத்துல பாம்பு பெரும்பாலும் இரை எடுக்காது."

"அதுக்கு முன்னாடி நாலு நாளும் தின்னலயே?"

"பயந்துட்டுக் கிடக்குது. நாங்க சங்கத்துல மண்பானையில விட்டு வாயைத் துணியால கட்டிடுவோம். உள்ள இருட்டா, குளுமையா இருக்கும். நீ வெள்ளை டிரம்மில வெயில்ல வெச்சிருக்கே, ஊரே வந்து எட்டிப் பாக்குது. உன்னை இப்படி வெச்சா நீ சோறு தின்னுவியா?"

திணிக்கிறதைப் பத்திக் கேட்டேன். வாய் கிழிஞ்சிடும், திணிச்சதையும் கக்கிடும்னார். ஒரு எலியைத் தின்னா வாரக்கணக்குல தாங்கும், பட்டினியால பயம் இல்லையாம். பால் அதுக்கு ஆகாரமே இல்ல, தண்ணி போதுமாம்.

கழுத்தைத் தடவிப் பாத்தார். "மேல் காயம்தான். சட்டையோட சரியாப் போயிடும். இன்னைக்கே விட்டுடு."

அவர் இன்னொண்ணும் சொன்னார். 1972ல வந்த வனவிலங்குச் சட்டப்படி சாரையானாலும் பிடிச்சு வீட்ல வெச்சுக்கறது குத்தம். அடிபட்டதைப் பாத்தா வனத்துறைக்குத்தான் சொல்லணும். நல்லது செய்யறோம்னு நெனச்சேன், சட்டத்தையும் மீறிட்டேன், பாம்பையும் வாட்டிட்டேன்.

பொழுது சாயற நேரம், பனைமரத்தடியில பழைய எலி வளைக்குப் பக்கத்துல டிரம்மைச் சாய்ச்சோம். கொஞ்ச நேரம் அசையல. அப்புறம் நாக்கை நீட்டி நீட்டிப் பாத்துட்டு, அவசரமே இல்லாம வளைக்குள்ள போச்சு. சின்னவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். அழுதிருப்பான் போல.

மூணு வாரம் கழிச்சு அதே வரப்புல நீளமா ஒரு பாம்புச் சட்டை கிடந்துச்சு. அதோடதா, வேற ஒண்ணோடதா, தெரியல. கழுத்துப் பக்கம் கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு. சின்னவன் எடுத்துட்டுப் போய்ப் புத்தகத்துக்குள்ள வெச்சிருக்கான்.

வலையை இப்போ தரையில இருந்து ஒரு அடி தூக்கிக் கட்டியிருக்கேன். மயில் ரெண்டு அடியில புகுந்து வருது. வரட்டும், பத்துக் கத்தரிக்காய் போனாப் போகுது.