கியா பார்ம் சரிவில் ஒரு ‘போர்டு’ பேச்சு

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் காய்கறிச் சந்தை ஊர். சோளம், ஸ்ட்ராபெரி, தேன், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று சாலையோரம் கடைகள் நெருக்கியடிக்க, விடுமுறை நாள்களில் கார்கள் ஊர்ந்துதான் போகும். அங்கிருந்து ஒரு குறுகிய சாலை சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் பிரிகிறது. 1929இல் தொடங்கப்பட்ட போ நிறுவனத்தின் தேயிலை, மலைமேல் பச்சைக் கம்பளமாக விரிகிறது.

பள்ளி விடுமுறையில் நாங்கள் போனபோது என் தங்கை மகனும் அவன் கூட்டாளிகள் இருவரும் உடன் வந்தார்கள். மூவருக்கும் ட்ரோன் பைத்தியம். மோட்டார், சட்டம், பேட்டரி என்று தனித்தனியே வாங்கித் தாங்களே பொருத்துகிறவர்கள். வேகவைத்த சோளத்தைக் கடித்தபடி அவர்கள் பேசியதெல்லாம் இன்னும் விற்பனைக்கு வராத ஒரு ‘பிளைட் கண்ட்ரோலர் போர்டு’ பற்றித்தான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் போர்டுதான் ட்ரோனின் மூளை. சாய்வையும் சுழற்சியையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, எந்த மோட்டார் வேகம் கூட்ட வேண்டும், எது குறைக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. 2010 வாக்கில் ஆர்வலர்கள் நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் சுழற்சி உணரியைப் பிரித்தெடுத்து இந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். ‘மல்டிவீ’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

“புதுசுல எச்7 சில்லுதான் இருக்கும் மாமா. 480 மெகாஹெர்ட்ஸ்!” என்றான் மருமகன்.

“168 ஓடுற எஃப்4 போதும்டா. அதிர்வைத் தாங்குற உணரி வருமா, அதைச் சொல்லு” என்றான் இன்னொருவன்.

மூன்றாமவன் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். “இப்படிப்பட்ட சரிவுலதான் எங்கப்பா மருந்துப் பம்பை முதுகுல தூக்கிட்டு ஏறுவாரு. அந்தச் சுமையை ட்ரோன் தூக்கணும். ஆனா மலை ஏறுதுன்னு அந்தப் போர்டுக்குத் தெரியுமா?” என்றான்.

பேச்சு நின்றது. கேள்வி அவ்வளவு சரியானது.

பெரும்பாலான போர்டுகள் காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைக் கணக்கிடுகின்றன. கிளம்பிய இடம்தான் அவற்றுக்குப் பூஜ்யம். பள்ளத்திலிருந்து 30 மீட்டர் எழும்பி அதே மட்டத்தில் சரிவை நோக்கிப் போனால், திரையில் 30 மீட்டர் என்றே காட்டும். கீழே மலை ஏறிக்கொண்டே வந்திருக்கும். அங்கே கொழுந்து பறிப்பவர் தலை நிமிர்ந்தால், இறக்கை முகத்துக்கு நேரே சுழலும். நம் நாட்டு வான் போக்குவரத்து விதி சொல்லும் 400 அடி வரம்பு தரையிலிருந்து; கருவி சொல்லும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து. செகிஞ்சான் வயல்வெளியில் இரண்டும் ஒன்றுதான். இங்கே அப்படியில்லை.

தீர்வு உண்டு. கீழ்நோக்கிய லேசரோ ரேடாரோ பொருத்தினால் தரையின் தூரம் அப்போதைக்கப்போது தெரியும். மூடுபனியில் லேசர் தடுமாறும் என்பதால் மலைக்கு ரேடார் நல்லது. மேலும், இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. இறக்கை கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஆக, புதிய போர்டிடம் கேட்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. இத்தனை உணரிகளை இணைக்க அதில் இடம் உண்டா, அவை சொல்வதை அதன் மென்பொருள் கேட்குமா என்பதையும்தான்.

கேமரன் மலைக்கு ட்ரோனோடு போகிறவர்கள் முதலில் தோட்டத்தில் அனுமதி கேளுங்கள். சரிவின் மேலிருந்து கிளப்புங்கள். கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். பனி இறங்கினால் உடனே இறக்கிவிடுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையோடு யாராவது தெரிந்தால், பறக்கவே விடாதீர்கள். அந்தச் சரிவு முதலில் அவர்களுடையது.