புகை பிறக்கும் இடம்

சிம்னி வாங்கப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா எங்களை விநோதமாகப் பார்த்தார். அவருக்குச் சிம்னி என்றால் கண்ணாடிக் கூண்டு போட்ட மண்ணெண்ணெய் விளக்கு. "கரண்டு இருக்கிற ஊட்ல அது எதுக்குப்பா?" என்றார். அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டுவது, புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சி வெளியே தள்ளுவது என்று விளக்கினோம். "அதுக்குத்தான் சன்னல் இருக்குதே" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டார்.

எங்களைத் தூண்டியது ஒரு மருத்துவரின் கேள்வி. மூச்சிரைப்புக்காக அம்மாவை ஓசூரிலேயே ஒருவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். நெஞ்சுப் படத்தைப் பார்த்தவர், "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலில் முடிந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் சுள்ளியும் வரட்டியும் எரித்து, ஊதாங்குழலோடு அடுப்பின் முன் குந்தியிருந்தவர் அவர். அதைக் கேட்டபின் மருத்துவரின் குரல் தணிந்தது. போனது திரும்பாது, இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் இறந்தோர் ஏறத்தாழ 32 லட்சம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அந்த எண்ணைப் பிறகுதான் படித்தோம்.

எரிவாயு வந்ததோடு புகை ஒழிந்தது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். நீலச் சுடரிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டு. காய்ந்த எண்ணெயில் மிளகாய் விழுந்ததும் எழும் புகையில் நுண்துகள்கள் உண்டு. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். தாளிப்புப் புகை கண்களில் நிறையப் புளிக்குழம்பு சமைத்த இளம் மனைவி, கணவன் சுவைத்து உண்பதைக் கண்டு முகம் மலர்கிறாள். அந்த மலர்ச்சியின் நுட்பத்தை அரைமணி நேரம் விளக்குவோம். புகையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பொருத்த வந்த இளைஞர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசும் ஓசூர்ப் பிள்ளை. "எவ்ளோ ஹைட்ல வெக்கலாம் சார்?" என்று எங்களைக் கேட்டார். தலையில் இடிக்கக் கூடாது, மேலே உள்ள அலமாரியைக் கழற்றக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் சொன்னோம். கருவி அடுப்பிலிருந்து மூன்றடிக்கும் மேலே போய் அமர்ந்தது. குழாய் அலமாரியைச் சுற்றிக்கொண்டு மூன்று முறை வளைந்து வெளியேறியது. இயக்கினால் பெரும் இரைச்சல். தாளித்தால் கூடத்தில் அதே நெடி, அதே இருமல். மூன்றாம் நாள் அம்மா அதை இயக்குவதை நிறுத்திவிட்டார்.

பிழையைச் சுட்டியவர் எங்கள் சிற்றப்பா மகன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் வெல்டிங் பிரிவில் வேலை செய்பவர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க ஷாப்ல இப்படித் தூக்கி வெச்சா ஒருத்தனும் வேல செய்யமாட்டான்" என்றார். பிறகு கேட்டார்: "பெரியம்மாவ நிக்க வெச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் கல்லூரிக்குப் போய்விடுகிறவர்கள். பகல் முழுதும் அடுக்களை அம்மாவின் வசம். உயரத்தை முடிவு செய்தவர்களோ நாங்கள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 14ஆம் பிரிவு தூசியையும் புகையையும் பற்றியது. உறிஞ்சும் கருவியைப் புகை பிறக்கும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். பட்டறைத் தொழிலாளியின் மூச்சுக்கு அன்றே ஒரு பிரிவு இருந்தது. அதே ஆண்டுகளில் ஊதாங்குழலோடு குந்தியிருந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

மறுபடி பொருத்தினோம். அம்மாவை அடுப்பின் முன் நிற்கவைத்தே அளவு எடுத்தோம். அடுப்புக்கும் கருவிக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. வரை இருப்பது வழக்கம். அதற்குக் கீழே இறங்கினால் சூடு தாக்கும், மேலே போனால் புகை கலைந்துவிடும். அம்மாவுக்கு இரண்டே கால் அடி சரியாக வந்தது. அலமாரி போயிற்று. ஆறு அங்குலக் குழாய் ஒரே வளைவோடு, மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சற்றுச் சரிந்து சென்றது. ஒவ்வொரு வளைவும் உறிஞ்சும் விசையைத் தின்னும் என்றார் தம்பி. குழாயே வேண்டாம், கரி வடிகட்டி போதும் என்று கடையில் சொன்னதுண்டு. அது நெடியைக் குறைக்கும். ஈரத்தையும் சுடரின் கழிவையும் அறைக்கே திருப்பிவிடும்.

இயக்குவதற்கும் ஒரு முறை உண்டு. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இதை ஓடவிட வேண்டும். அணைத்த பின்னும் பத்து நிமிடம் ஓட வேண்டும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டுமாதலால் தள்ளியிருக்கும் சன்னல் ஒன்றைத் திறந்து வைக்கிறோம். அடுப்பருகே உள்ள சன்னலும் மின்விசிறியும் புகையைக் கலைப்பதால் சமைக்கும்போது அவற்றுக்கு ஓய்வு. வடிகட்டித் தகடுகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துக் கழுவுகிறோம். 1983இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, புகைக்குழாய் வைத்த அடுப்புகளை ஊர் ஊராகக் கொடுத்தது. அவற்றில் பல, குழாயைத் துப்புரவு செய்வாரின்றிக் கரி அடைத்தே கைவிடப்பட்டன. மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து எண்ணெய் சேரும் கிண்ணத்தைக் கழற்றினோம். அடியில் தேன் நிறத்தில் பிசுக்கு தேங்கியிருந்தது. அம்மா அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதெல்லாம் முன்னாடி எங்கப்பா போயிட்டு இருந்துச்சு?"

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கிண்ணத்தைத் தாமே தேய்த்துக் கழுவி மாட்டினார். கை துடைத்துக்கொண்டு சிம்னியின் பொத்தானை அழுத்தினார். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.