கொந்தரப்புக் காவல்

அக்கா மகன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், ஒரேஞ்ச்வில் என்ற ஊரில் வீடு வாங்கியிருக்கிறான். முப்பதாயிரம் சனம் இருக்கும் ஊர். போன ஞாயிறு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "இங்க ஊர்ப் பொலிஸையே கலைச்சிட்டாங்க மாமா" என்றான். பொலிஸ் கூட்டத்தைக் கலைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். பொலிஸையே கலைப்பதா? ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

கதை இதுதான். ஊருக்கென்று சொந்தப் பொலிஸ் இருந்திருக்கிறது. தனித் தலைமை அதிகாரி, தனி வாகனம், தனிச் சின்னம். செலவு ஏறிக்கொண்டே போக, நகர சபை மாகாணப் பொலிஸிடம் விலை கேட்டது. 2019இல் உறுப்பினர்கள் கை தூக்கி முடிவெடுத்தார்கள். 2020 ஒக்டோபர் 1ஆம் திகதி சொந்தப் பொலிஸ் போய் மாகாணப் பொலிஸ் வந்தது. பில் போடும் முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை. அதற்கு மேல் அந்த ஊர் பொலிஸைக் கூப்பிட்ட கணக்குக்கு ஒரு தொகை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று அடிக்கடி போன் போடும் ஊருக்குப் பில் கூடும். அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் இப்படித்தான் காவலை விலைக்கு வாங்குகின்றன. 2024 கடைசியில் பில் எகிறிவிட்டது என்று அந்த ஊர்கள் கூச்சல் போட, மாகாண அரசு தள்ளுபடி கொடுத்தது.

"கொந்தரப்புக்கு விட்டுட்டாங்கன்னு சொல்லு" என்றேன். மறுமுனையில் சிரித்தான். கனடாவில் பதினைந்து வருஷம் இருந்தும் அந்தச் சொல்லை மறக்கவில்லை.

*

கொந்தரப்பு தோட்டத்துச் சொல். புல் வெட்ட, கான் வெட்ட, மட்டமாக ஒரு தொகை பேசிக் கொடுப்பது. பதிவேட்டில் பெயர் விழுந்து கிடைக்கும் நாட்கூலி பெயர்க்கூலி. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கையில் வாங்கும் காசு கைக்காசு. பெயர்க்கூலி, கைக்காசு, கொந்தரப்பு: இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரியும்.

காவலைக் கொந்தரப்புக்கு விடுவதை அமெரிக்காவில் பிரபலப்படுத்தியது கலிபோர்னியாவின் லேக்வுட் நகரம். 1954இல் நகரமாகப் பதிவானதும் சொந்தப் பொலிஸ் வைத்துக்கொள்ளாமல் லொஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் ஷெரிப்பிடம் காவலை ஒப்படைத்தது. அதைப் பார்த்து வேறு பல ஊர்களும் அதே வழியில் போயின. கொம்ப்டன் நகரம் 2000ஆம் ஆண்டில் தன் சொந்தப் பொலிஸையே கலைத்து ஷெரிப்பிடம் போனது. சொந்தப் பொலிஸ் என்றால் மேயருக்குப் பயப்படும், ஊரை அறிந்திருக்கும், செலவும் கூட. ஷெரிப் என்றால் மலிவு, ஆனால் கேள்வி கேட்க ஊருக்கு வாயில்லை. அவர்கள் வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

நம்மூரில் ஷெரிப் இல்லை, பிஸ்கால் உண்டு. ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர். நீதிமன்றக் கட்டளையோடு வந்து சாமானை ஏலம் போடுகிறவர். இவரைக் கொந்தரப்புக்கு எடுக்க யாரும் ஆசைப்படமாட்டார்கள்.

*

எங்கள் இரத்தோட்டை பிரதேச சபையால் என்னென்ன முடியும் என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். குப்பை அள்ளலாம். தெருவிளக்குப் போடலாம். சந்தைக் கடையைக் குத்தகைக்கு விடலாம். மயானம், நூலகம், கான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொடுத்த வேலைகள் இவை. ஒரு கான்ஸ்டபிளை, அரைநாளைக்குக்கூட, சபையால் வைத்துக்கொள்ள முடியாது. தவிசாளர் பொலிஸிடம் ஒன்று சொல்லலாம் என்றால் அது கெஞ்சல்தான், கட்டளை இல்லை.

எங்கள் பொலிஸ் எங்கிருந்து வருகிறது என்று ஏணி போட்டுப் பார்த்தால் இப்படிப் போகும்: பொறுப்பதிகாரி, அவருக்கு மேல் மாத்தளையில் ஒருவர், அவருக்கு மேல் மாகாணத்துக்கு ஒருவர், உச்சியில் கொழும்பில் பொலிஸ் மா அதிபர். ஏணியின் எந்தப் படியிலும் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த ஆள் இல்லை.

அப்படி ஓர் ஆளை வைக்கவும் வழிசெய்து 1987 நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. அதன் பின்னிணைப்பை எடுத்துப் பாருங்கள், ருசியான வாசிப்பு. பொலிஸ் இரண்டாகப் பிரியும்: தேசியப் பிரிவு, மாகாணப் பிரிவு. மாகாணத்தின் பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்க வேண்டும். மாகாணத்தின் பொது ஒழுங்கு விஷயத்தில் அவர் முதலமைச்சருக்குக் கட்டுப்பட்டவர். ஆட்சேர்ப்புக்கு மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு. தேசியப் பிரிவுக்காரர் சாதாரணமாகச் சீருடை போடாமல் இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். தெருவில் காக்கியோடு நிற்பவர் மாகாணத்தின் ஆளாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. நாற்பது வருஷம் நெருங்குகிறது. ஒரு மாகாணத்திலும் அந்தச் சீருடை தைக்கப்படவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மாகாணப் பொலிஸ் என்றதும் தெற்கில் எல்லாரும் வடக்கை நினைத்துக்கொள்கிறார்கள். 2023 பெப்ரவரியில் பிக்குகள் நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் திருத்தத்தின் பிரதியைக் கொளுத்தியபோதும் அதே நினைப்புத்தான். சட்டம் ஒன்பது மாகாணத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டது. மத்திய மாகாணத்துக்கும் அதே உரிமை. ஆனால் இரத்தோட்டைத் தேநீர்க் கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள். "அது யாழ்ப்பாணத்தாக்கள் கேக்கிறது" என்பார்கள், சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மாதிரி.

இப்போதைக்குக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர்தான். முதலமைச்சர் நாற்காலி தூசு தட்டக் காத்திருக்கிறது.

*

சொந்தப் பொலிஸ் வந்தால் அது யாருடைய சொந்தம் என்பது வேறு கதை. எங்கள் பாட்டன்கள் காலத்தில் தோட்டத்துக்குப் பொலிஸ் என்றால் துரைதான். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, காவக்காரன். ஊருக்குள் ஆரச்சி, அவருக்கு மேல் கோராளை, அவருக்கும் மேல் ரட்டேமகாத்மயா. கிராமத்து மனிதனுக்கு அந்த ஏணி தெரியும். அதில் ஏறி முறையிட வழியும் உண்டு. லயத்து மனிதனுக்கு அந்த ஏணியே இல்லை. 1963இல் கிராமத் தலைமைமுறையை ஒழித்து கிராம சேவகரை வைத்தபோதும், அவருடைய வேலை தோட்ட எல்லையில் தயங்கித்தான் நின்றது.

அரசாங்கப் பொலிஸ் தோட்டத்துக்குள் வந்தபோது யாருக்காக வந்தது என்பதற்கு முல்லோயாவைச் சொல்வார்கள். 1940 ஜனவரி, ஹேவாஹெட்டைப் பக்கம். வேலைநிறுத்தக்காரர்கள் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். விசாரணைக் கமிஷன் வைத்து அரசாங்க சபையே ஆடிப்போன விஷயம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற கூட்டத்தின் மீது பொலிஸ் சுட்டதில் அவர் போனார். இந்த இரண்டு பெயரும் மலையகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் பெயர்கள். கொழும்புப் பொலிஸ், கண்டிப் பொலிஸ், மாகாணப் பொலிஸ் என்று லேபலை மாற்றினால் இவை மறந்து போகுமா? மத்திய மாகாண முதலமைச்சருக்குக் கீழ் வரும் பொலிஸ் எங்களுக்குத் தானாகவே சொந்தமாகிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

*

கொந்தரப்புக் காவல் நம்மிடம் இல்லை என்பதும் பாதிதான் சரி. தோட்டத்தில் இப்போது பழைய காவக்காரன் குறைவு. கம்பனி அனுப்பும் செக்யூரிட்டி நிற்கிறான், விசிலும் டோர்ச்சும் வைத்துக்கொண்டு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1998இல் ஒரு சட்டமே வந்தது. ஆனால் அவனுடைய அதிகாரம் என்ன? என்னுடையதேதான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1979ஆம் ஆண்டுடையது, எந்தத் தனி ஆளும் பிடியாணையில்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன் செய்பவனைப் பிடிக்கலாம், தாமதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. செக்யூரிட்டிக்கும் அவ்வளவுதான்.

விறகு பொறுக்கும் கிழவிக்கு இதைச் சொல்லி விளக்க முடியுமா? விசில் சத்தம் கேட்டதும் கட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். சட்டம் தெரிந்த நானும் அந்த இடத்தில் ஓடித்தான் இருப்பேன்.

*

பல வருஷத்துக்கு முன், ஒரு பொலிஸ் நிலையத்தில் (எது என்று வேண்டாம்) மொழிபெயர்த்துச் சொல்லப் போனேன். முறைப்பாட்டுக்காரி தோட்டத்துப் பெண். கான் வெட்டிய கொந்தரப்புக் காசைக் கேட்கப் போனவளை ஒருவன் அடித்திருக்கிறான். நான் போய்ச் சேருமுன்பே அங்கிருந்த கான்ஸ்டபிள் ராலாமி, சந்தையில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷன். அவசரப்படவில்லை, அதட்டவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்திருந்தார். பெரிய கோடு போட்ட புத்தகம், நீல மை. கையெழுத்து முத்து முத்தாக.

"அடிக்கிறதுக்கு யாருக்குக் கொன்த்ராத் கொடுத்தது?" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிங்களத்தில் கொன்த்ராத் என்றால் குத்தகையும்தான், ஆள் வைத்து அடிப்பதும்தான். 'கொந்தரப்புக் காசு', 'அடிச்சான்' என்ற இரண்டு சொல் காதில் விழுந்ததும் அவர் ஒரு முழுக் கதை கட்டிவிட்டார். அந்தக் கதையில் காசு கொடுத்து அடிக்கச் சொன்னவள் அவள்!

விளக்கினேன். அவர் தலையில் கைவைத்துச் சிரித்தார். நான்கு வரியை வெட்டி, பக்கத்தில் சின்னக் கையொப்பம் போட்டு, மறுபடி எழுதினார். முடிவில் வாசித்துக் காட்டினார், சிங்களத்தில். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். ஒரு சொல்லும் புரியாமல் கையெழுத்து வைத்தாள்.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது அதே பதின்மூன்றாம் திருத்தம்தான். ஒரே தாளில் இரண்டு விஷயம். பொலிஸ் அதிகாரம் நடக்கவே இல்லை. தமிழ் மட்டும் நிலைய வாசல் போர்ட்டு வரை வந்து நின்றது. அந்தப் புத்தகத்துக்குள் வர இன்னும் எத்தனை வருஷமோ. எந்த அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பதைவிட, யார் எந்த மொழியில் எழுதுகிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. மருமகனிடம் இதைச் சொன்னபோது, "இங்க மொழிபெயர்ப்பாளரை போன்ல எடுப்பாங்க மாமா" என்றான். பிறகு யோசித்து, "அதுவும் கொந்தரப்புத்தான்" என்றான்.

*

மிளகு பருவத்தில் எங்கள் ஒழுங்கையில் இரவுக் காவல் வைப்போம். முள்முருங்கையில் படர்ந்த கொடியைக் கள்ளன் நின்று நிதானமாகப் பறிக்கமாட்டான். கொத்தோடு உருவிக்கொண்டு போவான். ஒரு வருஷத்துக் கொடி ஒரே ராத்திரியில் மொட்டையாகும். மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ. விலை நன்றாக இருக்கும் வருஷம் திருட்டும் நன்றாக நடக்கும். வீட்டுக்கு ஓர் ஆள், நான்கு நான்கு பேராக. சிங்கள வீடும் தமிழ் வீடும் முஸ்லிம் வீடும் கலந்த ஒழுங்கை என்பதால் பெயர்ப்பட்டியலை மூன்று வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூலி கிடையாது. ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி.

போன முறை என் முறை வந்த அன்று, இரண்டு மணியிருக்கும், கீழ்ப்பக்கத்து நாய் குரைத்தது. டோர்ச்சை அடித்துக்கொண்டு ஓடினோம். ஆள் இல்லை. வேலியோரம் இரண்டு உரப்பை, பச்சை மிளகு நிரம்பி, ஈரம் சொட்டிக்கொண்டு. 119க்கு யார் பேசுவது என்று நால்வரும் முகம் பார்த்தோம். கடைசியில் எங்களோடு நின்ற பண்டா ஐயாவின் கையில் போனைத் திணித்தோம். அவர் பேசினார். இடத்தைச் சொல்லும்போது திணறினார். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு பெயர், அவர் சிங்களப் பெயரைச் சொல்ல, நான் தமிழ்ப் பெயரைக் காதில் ஓதினேன்.

ஜீப் வந்தது. இளம் ராலாமி ஒருவர் பையைத் தூக்கிப் பார்த்தார், கொத்தை முகர்ந்தார், புத்தகத்தைத் திறந்தார். "யாருடையது?" என்று கேட்டார்.

நால்வருக்கும் கொடி இருக்கிறது. விடியும் வரை எவன் கொடி மொட்டை என்று எவனுக்கும் தெரியாது. மிளகுக்கு யாரும் சூடு போட்டு வைப்பதில்லை. ராலாமி கொஞ்ச நேரம் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பிறகு ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று பண்டா ஐயா கேட்டார்.

"அய்த்திகாரயா நே" என்றார். சொந்தக்காரன் இல்லை.